நாங்கள் நிரப்பிய பத்து மணி பஸ்

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்களுக்கு உதவியாக ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். "நீங்க ஜெயிச்சதெல்லாம் எழுதுங்கக்கா" என்று உங்களில் ஒருத்தி ஆசையாகக் கேட்டாள். ஜெயித்ததை எழுத அரைப் பக்கம் போதும். அதையும் நீங்கள் போனில் படமெடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். அதனால் சங்கத்தில் எனக்கு மாலை போட்ட ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். அந்த மாலை எனக்குச் சேர வேண்டியது இல்லை என்பது மூன்றாவது நாளே தெரிந்துவிட்டது.

ஆந்திரப் பக்கத்து நம் நகரியில், மண்டல் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு அர்ஜி டைப் அடித்துக்கொண்டிருந்தவள் நான். மனுவை எங்கள் பக்கத்தில் அர்ஜி என்போம். தமிழில் அழுவார்கள், நான் தெலுங்கில் அடித்துக் கொடுப்பேன். ரோடு, பஸ், வீடு, இந்த மூன்றுக்குமாகச் சிலர் சேர்ந்து சங்கம் வைத்தபோது, "அர்ஜி அடிக்க ஒரு ஆள் வேண்டும்" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். போன வருஷம் நானாகவே "போதும்" என்று விலகும்வரை அங்கேதான் இருந்தேன்.

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த காலம் அது. அதுவரை கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த வீட்டுப் பெண்கள் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓட ஆரம்பித்தார்கள். அதே சமயத்தில் அரசாங்கம் நிலமில்லாதவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. எங்கே என்று கேளுங்கள். மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, ஒரு கரட்டு மேட்டின் அடியில். வீடு நல்ல வீடுதான். தண்ணீர் வந்தது, கரண்ட் வந்தது, பஸ் மட்டும் வரவில்லை. பஸ் இல்லாததால் ஜனங்கள் குடிபோகவில்லை. ஜனங்கள் இல்லாததால் டிப்போவில் பஸ் விடவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, வீடுகள் பூட்டிக் கிடந்தன.

அந்தச் சமயத்தில்தான் கன்னியம்மா எங்கள் ஆபீஸ் படி ஏறி வந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும். கம்பெனியில் செல்போனுக்குள் வைக்கும் ஏதோ சின்னச் சின்ன சாமான்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற வேலை. புருஷன் பெங்களூரில் லாரி ஓட்டினான், மாதத்துக்கு இரண்டு தடவை வருவான். நகரியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். கரட்டடியில் இருந்த அந்தப் புதுக் காலனியில் அவள் பேரில் வீடு வந்திருந்தது.

"அக்கா, வூட்டுக்கு வந்து செக் பண்ணுவாங்களாம். குடியில்லன்னா பட்டாவ கேன்சல் பண்ணி வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். அங்க போய்ட்டேன்னா கம்பெனி பஸ்ஸ புடிக்க முடியாது. அஞ்சே முக்காலுக்கு மெயின் ரோட்டுக்கு வந்துட்டுப் போய்டுது. மூணு நாளு லேட்டுன்னா வேலய வுட்டு நிறுத்திடறாங்க."

"நீ என்ன பண்ணலாம்னு இருக்கே?" என்று கேட்டேன்.

"எனக்கு வூடும் வோணும், வேலையும் வோணும். அத்த கேக்கத்தானேக்கா வந்துக்கீறேன்."

சங்கத்து ஆட்கள் யாரும் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்றே டைப் அடித்தேன், நாலு தடவை டிப்போவுக்கு நடந்தேன். டிப்போ மேனேஜர் தெலுங்குக்காரர், தங்கமான மனுஷர். ஆனால் எதைக் கேட்டாலும் "சூஸ்தாம்" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். ஆபீஸ்களில் அந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று நீங்களே சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள். ஐந்தாவது தடவை போனபோது என் முகத்தைப் பார்க்கவே அவருக்குச் சலிப்பாக இருந்திருக்கும், சம்மதித்துவிட்டார்.

"ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்போம் மேடம். நகரியிலிருந்து காலனிக்குப் போய்த் திரும்பி வரும். விடியற்காலை ஒரு டிரிப், பத்து மணிக்கு ஒரு டிரிப். மாதக் கடைசியில் எதில் ஆள் இருக்கிறதோ அது நிரந்தரம். மற்றது போய்விடும்" என்றார்.

தம்பிகளே, அவர் சொன்னது அவ்வளவும் என் காதில் விழுந்தது. மனசில் விழுந்தது "ஓட்டிப் பார்ப்போம்" வரைக்கும்தான். ஒருத்தர் நமக்குச் சாதகமாகப் பேச ஆரம்பித்ததும் நாம் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறோம். அதற்குப் பிறகு அவர் சொல்வதில்தான் விஷயமே இருக்கும்.

பஸ் வந்தது. கன்னியம்மா அந்த வாரமே சாமான்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு காலனிக்குக் குடிபோனாள். அவளோடு இன்னும் மூன்று கம்பெனிப் பெண்கள். அவளுக்குப் பக்கத்து வீட்டில் முனுசாமி என்று ஒரு பெரியவர், பெண்டாட்டி இல்லாதவர், சர்க்கரை வியாதிக்காரர். பத்து மணி பஸ்ஸில் நகரி ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வரலாம் என்ற நம்பிக்கையில் அவரும் குடிவந்தார். மொத்தமே ஏழெட்டு வீடுகள். மற்றவர்கள், பஸ் நிலைக்குமா நிலைக்காதா என்று தெரியட்டும் என்று காத்திருந்தார்கள்.

முதல் வாரம் இரண்டு டிரிப்பும் கிட்டத்தட்டக் காலியாகவே ஓடின. கண்டக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து கொட்டாவி விட்டதை நானே பார்த்தேன். இந்த பஸ் போனால் இன்னொரு பஸ் இந்த ஜன்மத்தில் வராது என்று தோன்றியது. சங்கத்தைக் கூட்டினோம். எங்கள் தலைவர் ஜவுளிக்கடைக்காரர், ஆள் திரட்டுவதில் கெட்டிக்காரர்.

"பஸ்ஸுக்கு ஆளுதானே வோணும்? ஏத்திட்டாப் போச்சு" என்றார்.

அது புரட்டாசி மாசம். காலனிக்குப் பின்னால் இருக்கும் கரட்டின் மேல் சின்னதாக ஒரு பெருமாள் கோயில் உண்டு. இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? மகளிர் குழுப் பெண்கள் புளியோதரைத் தூக்கோடு ஏறினார்கள். ரிட்டயர்டு வாத்தியார்கள் ஏறினார்கள். புரட்டாசியில் ஊரே கறி தின்னாமல் இருக்கும், கறிக்கடைக்காரர்களுக்கு வேலை கிடையாது. அவர்களையும் நாமம் போட்டு ஏற்றினோம். சனிக்கிழமைகளில் "கோவிந்தா" என்ற சத்தம் பஸ்ஸைவிட முன்னால் போய்ச் சேர்ந்தது. கண்டக்டருக்கு டிக்கெட் கிழித்துக் கை வலித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லாரும் எந்த பஸ்ஸில் ஏறினார்கள் என்று நினைக்கிறீர்கள்? வீட்டில் சமைத்து, குளித்து, பூ வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் அல்லவா? பத்து மணி பஸ்ஸில்தான். விடியற்காலை பஸ்ஸில் கன்னியம்மாவும் அந்த மூன்று பெண்களும் மட்டும் தினமும் ஏறினார்கள். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை.

மாதம் முடிந்தது. டிப்போவிலிருந்து கடிதம் வந்தது. காலனி பஸ் நிரந்தரம். தலைவர் பஸ்ஸுக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார், வாழைமரம் கட்டினார், எனக்கு ரோஜா மாலை போட்டார். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். கடிதத்தின் இரண்டாவது வரியைச் சரியாகப் படிக்காமலே வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மா வந்தாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுச் சமாளித்திருப்பேன். அவள் ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"அக்கா, காலைல பஸ்ஸ நிறுத்திட்டாங்க. பத்து மணி பஸ்ஸுல நான் எந்த வேலைக்குப் போறது?"

"பேசிப் பார்க்கிறேன்" என்று ஏதோ முனகினேன்.

"நேத்து நடந்தே வந்தோம்க்கா. பஸ்ஸ புடிச்சிட்டோம். தெனைக்கும் முடியுமான்னு தெரியல. அடுத்த வாரம் செக் பண்ண வராங்களாம். அதுக்குள்ள சொல்லிடு. வூட்ட பூட்டிக்கினு நகரிக்கே திரும்பிடறதான்னு நாங்க முடிவு பண்ணணும்."

அடுத்த நாள் விடிவதற்கு முன்னால் ஒரு ஆட்டோவில் காலனிக்குப் போய் அந்த நான்கு பெண்களோடு நடந்தேன். முதல் அர்ஜி அடிப்பதற்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது. ஜல்லி லாரிகள் போய்ப் போய் ரோட்டோரம் முழுவதும் பள்ளம். லாரி வந்தால் முள்ளுக்குள் ஒதுங்க வேண்டும். அவர்கள் கையில் டிபன் பாத்திரத்தோடு பேசிக்கொண்டே நடந்தார்கள். எனக்கு இரண்டு தடவை கால் பிசகியது, மூச்சு வாங்கியது, பயமாகவும் இருந்தது. இந்த ரோட்டைப் பார்க்காமலேயே இதைப் பற்றி எத்தனை அர்ஜி அடித்திருக்கிறேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

மெயின் ரோட்டை அடைந்ததும் ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. திருப்பதி போகிற முதல் பஸ். உள்ளே ஏழெட்டுத் தலைகள்தான் தெரிந்தன.

"இது தெனைக்கும் காலியாத்தான்க்கா போய்க்கினு இருக்குது. காலனிக்குள்ள வந்து எங்கள ஏத்திக்கினு போய் இங்க எறக்கி வுட்டா இன்னா? தனி பஸ்ஸே வோணாம். வழியில புத்தூருக்குப் போறவங்களுக்கும் ஆவும்" என்றாள் கன்னியம்மா.

"இதை ஏன் நீ முன்னாடியே சொல்லலே?"

"நீ கேக்கவே இல்லியே. பஸ் வாங்கித் தரேன்னு சொன்ன, சரின்னுட்டேன்."

அன்று காலை சங்கத்தில் ரகளை. பத்து மணி பஸ் அப்படியே இருக்கட்டும், அதிகாலை பஸ்ஸுக்குத் தனியாக ரோட்டில் உட்கார்ந்து மறியல் பண்ணுவோம் என்றார் தலைவர். யார் எதற்காக ஏறினார்கள் என்ற பேச்சை டிப்போவில் எடுக்கவே கூடாது என்றும் சொன்னார். அவர் சொன்னதிலும் விவரம் இருந்தது. நாங்கள் ஏற்றிய ஆட்கள் என்று ஒப்புக்கொண்டால் இருக்கிற பஸ்ஸும் போகும், சங்கத்தின் பேரும் போகும். ஆனால் மறியல் செய்து, போலீஸ் வந்து, பேச்சுவார்த்தை நடந்து முடிவதற்குள் அந்த வாரம் போய்விடும். நாலு பெண்களுக்கு அந்த வாரம்தான் இருந்தது. நான் யாரிடமும் சொல்லாமல் டிப்போவுக்குக் கிளம்பிவிட்டேன்.

மேனேஜரிடம் நேராகவே சொன்னேன். "சார், பத்து மணி பஸ்ஸில் வந்த ஆட்கள் எல்லாம் நாங்கள் ஏற்றிய ஆட்கள். புரட்டாசி முடிந்ததும் ஒருத்தரும் வரமாட்டார்கள். யாரும் கூப்பிடாமல் தினமும் ஏறினது விடியற்காலை பஸ்ஸில் வந்த நாலு பேர்தான்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். "தெரியும் மேடம். கறிக்கடைக்காரர் மூன்று வாரமாகத் தினமும் பெருமாளைப் பார்க்கப் போகிறார் என்றால் எங்கள் கண்டக்டருக்குச் சந்தேகம் வராதா?"

"பின்னே ஏன் சார் அதையே நிரந்தரம் பண்ணினீர்கள்?"

"நான் டிக்கெட்டைத்தானே மேலே காட்ட முடியும்? நீங்கள் எதைக் காட்டினீர்களோ அதை அனுப்பினேன்."

எனக்குக் கோபம் அவர் மேல் வரவில்லை. திருப்பதி பஸ் யோசனையைச் சொன்னேன். அவர் சுவரில் மாட்டியிருந்த நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் முன்னால் கிளப்பினால் முடியும் என்றார். இந்தத் தடவை சூஸ்தாம் என்ற வார்த்தை வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

"காலனிக்கு ஒரு டிரிப்தான் மேலே சம்மதித்திருக்கிறார்கள். இது வேண்டுமென்றால் பத்து மணி பஸ்ஸை நிறுத்திவிடுவோம். இப்போதே சொல்லுங்கள், பன்னிரண்டு மணிக்குள் நான் மாற்றி அனுப்ப வேண்டும். பிறகு வந்து இரண்டும் வேண்டும் என்று கேட்டால் என்னால் ஆகாது."

தலைவருக்குப் போன் போடலாமா என்று கையில் எடுத்தேன். போட்டால் அவர் என்ன சொல்வார் என்று தெரியும். இரண்டும் வேண்டும் என்பார், இரண்டும் போகும். பத்து மணி பஸ்ஸை நம்பிக் குடிவந்த முனுசாமிப் பெரியவரின் முகமும் நினைவுக்கு வந்தது. அவர் மறுபடி குடிபெயர வேண்டியதில்லை, வேலை போகாது, ஆனால் கஷ்டப்படுவார். கன்னியம்மாவுக்கோ வீடு, வேலை இரண்டில் ஒன்று போய்விடும். போனைப் பைக்குள் போட்டேன். "விடியற்காலை பஸ்ஸே இருக்கட்டும் சார்" என்றேன்.

சொன்ன கையோடு, தலைவரிடம் என்ன பொய் சொல்லலாம் என்றும் யோசித்தேன். நான் தைரியசாலி என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

தலைவர், "ஒனக்கு யாரும்மா இந்த அதிகாரத்தக் குடுத்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்புறம் தீபாவளி வரைக்கும் என்னோடு பேசவில்லை. மகளிர் குழுவில் பாதிப் பேர் சங்கத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். மாலை போட்டவர்களுக்கும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம் என்பதும் உண்மைதான். அந்தத் தப்பையும் என் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறேன்.

முனுசாமிப் பெரியவரிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டினார், நன்றாகவே திட்டினார். புது பஸ் நகரிக்குத் திரும்பாது, நேராகப் புத்தூர் வழியாகப் போய்விடும். அவர் இருட்டில் எழுந்து, புத்தூரில் இறங்கி, அங்கே ஆஸ்பத்திரி திறக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டும். "கம்பெனிக்குப் போறவங்களுக்குத்தான் பஸ்ஸா? வியாதிக்காரன் மனுஷன் இல்லியா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் ஒரு நாள், செக் பண்ண அதிகாரி வந்திருப்பதாகச் செய்தி வந்ததும் நான் காலனிக்கு ஓடினேன். போய்ப் பார்த்த பிறகுதான் எங்கள் புத்திசாலித்தனத்தின் மிச்சமும் தெரிந்தது. பஸ் வந்துவிட்டது, கன்னியம்மா வேலைக்குப் போய்விட்டாள், வீடு பூட்டியிருந்தது. பகல் பதினொரு மணிக்குப் பூட்டின வீடு என்றால் அதிகாரி என்ன எழுதுவார்? "குடியில்லை" என்றுதான் எழுதுவார். அதிகாரி நோட்டைத் திறந்துவிட்டார். நான் வேகமாகத் தெலுங்கில் விளக்கினேன். "சங்கத்துக்காரர்கள் அப்படித்தான் சொல்வீர்கள் அம்மா" என்றார் அவர். பத்து மணி பஸ்ஸை நிரப்பிக் காட்டிய கதை அவர் காதுக்கும் போயிருந்தது. என் பேச்சுக்கு அங்கே மதிப்பே இல்லை.

அப்போது பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு முனுசாமிப் பெரியவர் வந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதிகாரியிடம் பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசினார்.

"சார், இந்தப் பொண்ணு விடியக் காத்தால பஸ்ஸுக்குப் போவுது. அது எழுந்து தண்ணி புடிக்கிற சத்தத்துலதான் எனக்கு முழிப்பே வருது. சாயங்காலம் வந்து சோறாக்கும், எனக்கும் ஒரு கிண்ணம் குழம்பு குடுக்கும். இங்க குடியில்லன்னு எழுதினீங்கன்னா அந்தக் குழம்ப எவன் வெச்சான்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும். பின்னால போய்ப் பாருங்க, துணி காயுது."

அதிகாரி பின்னால் போய்ப் பார்த்தார். கொடியில் கம்பெனிச் சட்டை இன்னும் முழுசாகக் காயாமல் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து "குடியிருக்கிறார்" என்று எழுதி, பெரியவரிடமே சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கையை விடுவித்துக்கொண்டார். "அந்தப் பொண்ணுக்கு வூடும் ஆச்சு, வேலையும் ஆச்சு. எனக்கு எப்பம்மா?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் நிறைய அர்ஜி அடித்தேன். காலனி முழுக்க ஜனம் வந்துவிட்டது, கடைகூட வந்துவிட்டது. அவருக்கு வேண்டிய பஸ் மட்டும் என்னால் ஆகவில்லை. இப்போதும் மாதத்துக்கு ஒரு தடவை விடியற்காலை பஸ்ஸில் புத்தூர் போய், ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் சங்கத்தில் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள் இல்லையா? டைப் அடிக்க வேண்டாம், போட்டோ எடுக்க வேண்டாம். ஒரு நாள் அவரோடு போய் அந்த வாசலில் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு பஸ் வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.